மல்லி இலையில் சோப்பு வாடை: நாகர்கோவில் தம்பிக்கு ஒரு பதில்

கேட்டிருக்கும் தம்பிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில், வேலை கோயம்புத்தூரில். மனைவி மதுரைப் பக்கம். ரசம், சாம்பார், உப்புமா, முட்டைப் பொரியல் என்று எதை இறக்கினாலும் மேலே ஒரு கைப்பிடி மல்லி இலை விழுந்துவிடுமாம். தம்பிக்கோ அது பல்லில் பட்டால் துணி சோப்பைக் கடித்த மாதிரி இருக்கிறது. "சும்மா நடிக்கிறீங்க" என்கிறார் மனைவி. இது ஏதோ மரபணு விஷயம் என்று படித்திருக்கிறார். அதற்கு டெஸ்ட் எடுக்கலாமா, இரண்டு வயது மகளுக்கும் இது வருமா என்பது கேள்வி.

நடிப்பு இல்லை தம்பி. கோளாறும் இல்லை. உங்கள் மூக்குக்கு எட்டுகிற ஒன்று உங்கள் மனைவியின் மூக்குக்கு எட்டவில்லை, அல்லது எட்டினாலும் வேறு மாதிரி எட்டுகிறது. அதற்காக "மரபணு" என்ற ஒரு சொல்லைச் சொல்லி ஆளாளுக்கு விஷயத்தை முடித்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. நீங்கள் குமரி மாவட்டத்துக்காரர். உங்கள் விஷயத்தில் வளர்ந்த வீட்டு அடுப்படிக்கும் பங்கு இருக்கிறது. என் கணக்கில் பெரிய பங்கு. நான் கல்லூரியில் முப்பது வருஷம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அதைவிட முக்கியம், மல்லி இலையைக் கண்டால் முகம் சுளிக்கிற அம்மாவுக்குப் பிறந்தவன்.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். அண்ணனுக்குக் கோவில்பட்டியில் பெண் எடுத்தோம். மைனி வந்த முதல் வாரத்தில் ஒருநாள் பருப்பு ரசம் வைத்து, இறக்கும்போது மல்லி இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்தார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "பிள்ளே, இதுல சாழி எதும் விழுந்து கிடக்கா பாரு" என்றாள். மைனிக்குச் சாழி என்றால் என்னவென்றே தெரியாது. பாத்திரத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே அத்தை, மல்லித்தழைதான் கிடக்கு" என்றார். "அதான் நாறுது" என்று அம்மா எழுந்து போய்விட்டாள். மைனி அன்று முழுவதும் அழுதார். ரசம் நன்றாகத்தான் இருந்தது. நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

சாழி என்பது வயலில் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் வந்து கதிரை உறிஞ்சுகிற நாவாய்ப்பூச்சி. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளச் சாயலில் சாழி என்போம். கையில் நசுங்கிவிட்டால் அந்த வாடை சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது. எனக்கு அப்போது வேலைக்குச் சேர்ந்த புதிது. அம்மா சொன்னது பட்டிக்காட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தேன். பல வருஷம் கழித்து, வாசனைப் பொருள்களின் வேதியியலைப் பாடம் நடத்தப் படித்தபோதுதான் அம்மாவின் மூக்கு எவ்வளவு சரியாகச் சொன்னது என்று புரிந்தது.

மல்லி இலையின் மணத்துக்குக் காரணம் ஆல்டிஹைடு என்ற வகைச் சேர்மங்கள். பத்து, பன்னிரண்டு கார்பன் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து, நுனியில் ஓர் ஆக்சிஜன் தொங்குகிற மூலக்கூறுகள். டெக்கனல், டோடெக்கனல், 2-டெசினல், 2-டோடெசினல் என்று பெயர்கள் நீளும். பூச்சி பக்கம் வாருங்கள். நாவாய்ப்பூச்சி, மூட்டைப்பூச்சி இவையெல்லாம் ஆபத்து வந்தால் விடுகிற வாடையிலும் இதே குடும்பத்து ஆட்கள்தான் இருக்கிறார்கள்: 2-ஹெக்செனல், 2-ஆக்டெனல், சில நாற்றப்பூச்சிகளில் அதே 2-டெசினலே. ஆக, மல்லி இலையில் பூச்சி வாடை அடிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது கற்பனை இல்லை. இரண்டிலும் இருப்பது பங்காளிச் சரக்கு. ஆங்கிலத்தில் கொரியாண்டர் என்கிறார்களே, அந்தப் பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் 'கோரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. மொழியறிஞர்கள் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஆனாலும் அப்படி ஒரு விளக்கம் முளைத்து நிலைத்ததே, அதிலிருந்து அந்தக் காலத்திலும் எங்கள் அம்மா மாதிரி மூக்குள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

சோப்பு எங்கிருந்து வந்தது? சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் 'சுத்தமான' மணம் கொடுக்கச் சேர்ப்பதும் இதே பத்து, பன்னிரண்டு கார்பன் ஆல்டிஹைடுகளைத்தான். 1921இல் பாரிஸில் வெளிவந்த ஷனெல் நம்பர் 5 என்ற பெயர்பெற்ற சென்ட் அந்த ஆல்டிஹைடுகளைத் தாராளமாக ஊற்றிச் செய்ததற்காகவே பேசப்பட்டது. அதற்குப் பிறகு குளியல் சோப்பு, துணி சோப்பு, பவுடர் என்று எல்லாவற்றிலும் அந்த மணம் ஏறிவிட்டது. நீங்கள் சின்ன வயதில் குளியலறையில் பழகிய மணம் ரசத்தில் வந்து நின்றால் மூளை "இது தின்கிற சாமான் இல்லை" என்று சொல்லத்தானே செய்யும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெக்கனல் ஆரஞ்சுத் தோலிலும் இருக்கிறது. ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைத் திறந்து பையன்களிடம் நீட்டுவேன். ஒருவன் ஆரஞ்சுத் தோல் என்பான், இன்னொருவன் மெழுகுவர்த்தி என்பான், மூன்றாமவன் சோப்பு என்பான். மூன்று பேரும் முகர்ந்தது ஒரே பாட்டில். ஒரு வாசனைக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்பது, அதை முதன்முதலில் எங்கே வைத்து முகர்ந்தோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. அதைப் பிறகு பேசுவோம்.

"இலை பிடிக்காது, ஆனால் மல்லிப்பொடி போட்ட மீன்கறி பிடிக்கும், இது என்ன முரண்?" என்று உங்கள் மனைவி கேட்டிருக்கலாம். முரணே இல்லை. விதையும் இலையும் ஒரே செடிதான், ஆனால் வேதியியலில் இரண்டும் வேறு வேறு சாமான். பச்சைக் காயாக இருக்கும்வரை அதிலும் இலையின் வாடைதான். முற்றிக் காய ஆரம்பித்ததும் ஆல்டிஹைடுகள் குறைந்துபோய் லினலூல் என்ற ஒன்று மேலே வருகிறது. காய்ந்த மல்லியின் எண்ணெயில் பாதிக்கு மேல், பெரும்பாலும் 60 முதல் 70 சதவீதம், இந்த லினலூல்தான். தோவாளைச் சந்தையில் போய் மல்லி என்றால் பூவை நீட்டுவார்கள், பலசரக்குக் கடையில் மல்லி என்றால் விதையை அளந்து கொடுப்பார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்று, செடி வேறு. ஆனால் மல்லிகைப் பூவின் மணத்திலும் இந்த லினலூல் முக்கியமான பங்கு என்பது எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம். மல்லியை வறுத்து அரைத்துத் தீயல் வைக்கும்போது வருகிற மணம் எங்கே, பச்சை இலையைக் கசக்கினால் வருகிற மணம் எங்கே! எங்கள் அம்மா தினமும் மல்லி வறுத்து அம்மியில் அரைத்தவள், இலையைத்தான் ஒதுக்கினாள்.

சரி, டெஸ்டுக்கு வருவோம். காசு கொடுத்து எதுவும் எடுக்க வேண்டாம். வீட்டிலேயே ஒன்று செய்யலாம். மூக்கை இரண்டு விரலால் நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாலு மல்லி இலையை மெல்லுங்கள். சோப்பு வராது. லேசான கசப்பும் பச்சைத் தழை மெல்லுகிற உணர்வும் மட்டும் இருக்கும். இப்போது மூக்கை விடுங்கள். சோப்பு வந்து நிற்கும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் அந்த இறைச்சிச் சாறு மாதிரியான உமாமி, அவ்வளவுதான். நாம் 'ருசி' என்று சொல்லுவதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டை வழியாகப் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிற வாசனை. ஜலதோஷம் பிடித்தால் சோறு மண்ணாக இருப்பதும் இதனால்தான். ஆகவே உங்கள் சண்டை நாக்கோடு இல்லை, மூக்கோடு.

அந்த மூக்குக்குள் சுமார் 400 வகை மோப்ப ஏற்பிகள் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாவித்துளை மாதிரி. சில வாசனை மூலக்கூறுகள் மட்டும் அதில் பொருந்தும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்ற இருவர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2004இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆளுக்கு ஆள் இந்த ஏற்பிகளில் சிறுசிறு மாறுதல் உண்டு. இரண்டு பேருக்கு ஒரே மாதிரி மூக்கு அமைவது அபூர்வம்.

நீங்கள் படித்த மரபணுச் செய்தி 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றியதாக இருக்கும். '23அண்ட்மீ' என்ற அமெரிக்க நிறுவனம் எச்சில் மாதிரி வாங்கி மரபணு பார்த்துச் சொல்லும். தன் வாடிக்கையாளர்களிடம் "மல்லி இலை சோப்பு மாதிரி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டது. ஐரோப்பிய வம்சாவளியினர் 14,604 பேரின் பதிலை அவர்களுடைய மரபணுவோடு ஒப்பிட்டார்கள். 11ஆம் குரோமோசோமில், மோப்ப ஏற்பி மரபணுக்கள் எட்டு கூட்டமாக இருக்கும் ஓர் இடத்தில், டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதற்கும் சோப்பு வாடைக்கும் தொடர்பு தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒன்று ஓஆர்6ஏ2. ஆல்டிஹைடுகளுக்குத் திறக்கிற சாவித்துளை அது. பிறகு இன்னொரு 11,851 பேரிடம் "பிடிக்குமா, பிடிக்காதா" என்று கேட்டுப் பார்த்தபோதும் அதே தொடர்பு தென்பட்டது.

பல பத்திரிகைகள் இத்தோடு நிறுத்திவிட்டன. "மல்லி வெறுப்புக்கு மரபணு கண்டுபிடிப்பு" என்று தலைப்பும் போட்டுவிட்டன. அதே ஆய்விலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை அதிகம் பேர் எழுதுவதில்லை. சோப்பு வாடை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில், பொதுவாகக் காணப்படும் மரபணு மாறுதல்களைக் கொண்டு விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். அந்த 9கூட உறுதியாகச் சொல்ல முடியாத அளவு தடுமாற்றம் உள்ள எண். அந்த எழுத்து மாறியிருந்தும் மல்லியை ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு; மாறாமலே சோப்பு என்று துப்புகிறவர்களும் உண்டு. அதனால்தான் டெஸ்ட் வேண்டாம் என்கிறேன். முடிவு எப்படி வந்தாலும் உங்கள் வீட்டு வழக்குக்குத் தீர்ப்பு ஆகாது. போதாததற்கு அது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்த கணக்கு. அதை அப்படியே தூக்கி வந்து வடசேரிச் சந்தைக்காரர் மூக்கில் வைக்க முடியாது.

அவர்கள் தங்களிடமிருந்த வேறு வம்சாவளியினரின் பதில்களையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சோப்பு வாடை அடிப்பதாகச் சொன்னவர்கள் ஐரோப்பியரில் சுமார் 13 சதவீதம், தெற்காசியரில் சுமார் 4 சதவீதம். அதே 2012இல் கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தார் இளவயதினரிடம் பிடிக்குமா என்று கேட்ட கணக்கு தனி: பிடிக்காது என்றவர்கள் கிழக்காசியரில் 21 சதவீதம், ஐரோப்பியரில் 17, தெற்காசியரில் 7, லத்தீன் அமெரிக்கரில் 4, மத்தியக் கிழக்கு நாட்டவரில் 3. இந்த வரிசையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கடைசியில் நிற்பவர்கள் யார்? எந்தச் சமையலில் மல்லி இலை அன்றாடம் புழங்குகிறதோ அந்த வீட்டுப் பிள்ளைகள். மெக்சிகோவில் சல்சாவில் மல்லி, லெபனானில் பூண்டோடு மல்லி, நம்மூரில் ரசத்தில் மல்லி. அதற்கு நேர் எதிர்முனையில் ஜூலியா சைல்ட் என்ற அமெரிக்கச் சமையல் நிபுணர். உலகத்துச் சாப்பாடெல்லாம் ருசித்த அம்மையார், தட்டில் மல்லி இலை கிடந்தால் பொறுக்கித் தரையில் எறிவேன் என்று 2002இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். எங்கள் அம்மா இலையின் ஓரத்தில்தான் ஒதுக்குவாள். தரையில் எறிய மாட்டாள்.

"தெற்காசியரில் 7 சதவீதம் என்றால், நான் எப்படி அந்த ஏழில் மாட்டினேன்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் குமரி மாவட்டம் வருகிறது. தெற்காசியா என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள், ஆனால் மதுரை அடுப்படியும் தக்கலை அடுப்படியும் ஒன்றா?

நம் சமையலை நினைத்துப் பாருங்கள். அவியல், எரிசேரி, புளிசேரி, ஓலன், துவரன், தீயல், தேங்காய் அரைத்த மீன்கறி. இதில் எதில் மல்லி இலை இருக்கிறது? ஒன்றிலும் கிடையாது. எல்லாவற்றையும் முடித்து வைப்பது கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காய் எண்ணெயும். அவியலை இறக்கி, மேலே எண்ணெயைச் சுற்றி ஊற்றி, ஓர் ஆர்க்குக் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடுகிறோமே, அந்த இடத்தில்தான் மதுரைக்காரர் மல்லி இலை தூவுகிறார். மணத்துக்கு இருந்த நாற்காலியில் நமக்கு வேறு ஆள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

மண்ணும் மழையும் அப்படி. மல்லி வறண்ட காற்றும் மிதமான குளிரும் கேட்கிற பயிர். மழை அடித்துப் பெய்தால் அழுகிவிடும். கிழக்கே தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசலில் மானாவாரியாக மல்லி விதைப்பார்கள். எங்கள் மைனி அந்த மண்ணுக்காரர். இரண்டு பருவமழையும் வாங்குகிற நம் மேற்குத் தாலுகாக்களான விளவங்கோடும் கல்குளமும் மல்லிக்கு ஏற்ற இடம் இல்லை. ஆனால் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம் இல்லாத வீடு கிடையாது. மல்லி இலை ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி லாரியில் வர வேண்டிய சாமான். வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை நாம் திருவிதாங்கூர்–கொச்சிப் பக்கம் இருந்தோம் என்பது எல்லாருக்கும் தெரியும். நாலு தாலுகாவும் ஒரே நாளில் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டன. அடுப்படி அப்படி ஒரே நாளில் சேரவில்லை. நான் பார்த்தவரை மல்லி இலை முதலில் ரசத்திலும் சாம்பாரிலும் எட்டிப் பார்த்தது, அப்புறம் ஹோட்டல் சட்னி, பிரியாணி, பானிபூரி என்று பரவியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் சீக்கிரம் பழகிவிட்டார்கள். மார்த்தாண்டத்துக்கு மேற்கே இன்றும் இறைச்சி வறுவலில் கறிவேப்பிலையும் தேங்காய்ச் சில்லும்தான் கிடக்கும். மல்லி இலை தூவினால் 'பாண்டிக்காரக் கறி', அதாவது கணவாய்க்கு அந்தப் பக்கத்தார் கறி, என்று கிண்டல் செய்கிற பெரியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

உங்கள் வீடு நாகர்கோவில் என்றாலும், சமைத்த கை எந்தப் பக்கத்துக் கை என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். மல்லி இலை தொடாத வீட்டில் வளர்ந்து, அதே ஆல்டிஹைடு மணத்தைச் சோப்பிலும் பவுடரிலும் மட்டுமே பழகியிருந்தால், உங்கள் மூளை அந்த மணத்தை எந்த அலமாரியில் அடுக்கியிருக்கும்? உங்கள் மனைவிக்கு அதே மணம் பாட்டி வைத்த ரசத்தின் அலமாரியில் இருக்கிறது. ஆய்வகத்தில் அந்த மூன்று பையன்கள் சொன்ன மூன்று பெயர்கள்தான் இதுவும். மூக்கு கொஞ்சம் கூர்மையாகவும் அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் கொஞ்சம் நல்ல செய்தி இருக்கிறது. வாசனைப் பழக்கம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அம்மா சாப்பிட்டதன் மணம் பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் இறங்கும். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தார் கேரட் சாறு வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள், 2001இல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிற்பாடு கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாக முகம் சுளித்தன. உங்கள் மனைவி அந்த மாதங்களில் மல்லி இலையைக் குறைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை! ஆகவே பாப்பா ஏற்கெனவே மதுரைக் கட்சியில் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு துப்பினாலும் பதற வேண்டாம். புதுச் சுவையைக் குழந்தைகள் ஏற்க எட்டு, பத்துத் தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பாப்பா முன்னால் நீங்கள் முகத்தைச் சுளிக்காதீர்கள். பிள்ளைகள் மணத்தைவிட வேகமாக முகத்தைப் படித்துவிடும்.

நடுவில் ஓர் எச்சரிக்கை. இத்தனை நாள் மல்லி பிடித்திருந்து, திடீரென்று ஒருநாள் அது நாற ஆரம்பித்தால் அது வேறு கதை. கொரோனாவுக்குப் பிறகு பலருக்குக் காபி, வெங்காயம், பூண்டு எல்லாம் அழுகின மாதிரி மணத்தது நினைவிருக்கும். வைரஸ் மூக்கின் மோப்பப் பகுதியைப் பாதித்தால் அப்படி ஆகும். காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மணம் மாறித் தெரிவது வழக்கமானது, பயப்பட ஒன்றுமில்லை. மல்லி தின்றதும் உதடு வீங்குகிறது, தொண்டை அரிக்கிறது என்றால் அது ஒவ்வாமை. பிடிக்கும் பிடிக்காது என்ற பேச்சே அங்கே கிடையாது, மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

இனி ஒரே வீட்டில் இரண்டு மூக்கும் குடியிருக்கிற வழி. ஆல்டிஹைடுகள் எளிதில் ஆவியாகிற சாமான், சூட்டில் நிற்காது. உங்கள் மனைவி இறக்கிய பிறகு தூவுவதால்தான் உங்களுக்கு முழு அடி விழுகிறது. அதே இலையைக் கொதிக்கும்போதே போட்டு ஐந்து நிமிஷம் விட்டால் பெரும்பகுதி போய்விடும். மனைவிக்கு அதில் திருப்தி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் விரும்புவதே அந்தப் போகிற பகுதியைத்தான். இரண்டாவது வழி, அரைப்பது. இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதிகள் வெளிவந்து ஆல்டிஹைடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மணமில்லாத வேறு பொருளாக மாற்றும். அதனால் அரைத்துச் சற்று நேரம் வைத்த சட்னி, பச்சை இலையைவிடச் சாதுவாக இருக்கும். அத்தோடு தேங்காய் சேர்த்தால் இன்னும் நல்லது. இந்த மூலக்கூறுகள் கொழுப்போடு ஒட்டிக்கொள்கிற குணமுள்ளவை. தேங்காயின் கொழுப்பு பிடித்து வைத்துக்கொண்டால் மூக்குக்கு ஏறுவது குறையும். தண்ணீராக இருக்கிற ரசத்தில் பிடித்து வைக்க ஆளில்லை. ரசத்தில் உங்களுக்கு அதிகம் நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேற்கே உறவினர் வீட்டுக்குப் போனால் கவனம். சில வீடுகளில் நிழலான இடத்தில் 'ஆப்பிரிக்கன் மல்லி' என்று ஒன்றை வைத்திருப்பார்கள். நீண்ட இலை, ஓரத்தில் பல் பல்லாக முள். பெயர்தான் ஆப்பிரிக்கா, செடி அமெரிக்கக் கண்டத்துக்காரன், மழையும் நிழலும் நன்றாகத் தாங்கும். நம் மல்லி வராத இடத்தில் இது செழித்து நிற்கும். அதிலும் அதே 2-டோடெசினல்தான் முக்கியச் சரக்கு, அளவு இன்னும் தாராளம். செடி வேறு என்று நம்பி வாயில் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் மைனி கொஞ்ச நாளிலேயே வழி கண்டுபிடித்துவிட்டார். மல்லி இலையைத் தேங்காயும் பச்சை மிளகாயும் புளியும் வைத்து அரைத்துத் தோசைக்கு வைப்பார். அம்மா மறுபேச்சில்லாமல் தொட்டுச் சாப்பிடுவாள். "அம்மா, அது மல்லி இலை" என்று நான் ஒருநாள் சொன்னேன். "போல மக்கா, இது தேங்காச் சட்னி, கொஞ்சம் பச்சையா இருக்கு" என்றாள். ரசத்தில் மட்டும் கடைசி வரை சமாதானம் ஆகவில்லை. மைனி ரசத்தை இறக்கியதும் அம்மாவுக்கு ஒரு செம்பில் தனியாக எடுத்துக் கறிவேப்பிலை போட்டு வைத்துவிட்டு, அப்புறம்தான் பாத்திரத்தில் மல்லி இலையைக் கிள்ளிப் போடுவார்.